சோச்சிமில்கோ: படகுக்குப் பூ தொடுத்தேன்

முதலில் அந்த டாக்ஸிக்காரர் கதையைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. சோச்சிமில்கோ, மெக்சிகோ நகரின் தெற்கில் கால்வாய்கள் ஓடும் பகுதி. அதன் ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான். வாங்கியது 250 பெசோ! இறங்கினால் படகுச் சவாரிக்கு ஆள் பிடிக்கும் ஒருவர் வந்து "ஆளுக்கு 600" என்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த விலைப் பலகையில், 600 என்பது முழுப் படகுக்கு ஒரு மணி நேர வாடகை. விரலை நீட்டிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

நான் போனது சவாரிக்கே அல்ல. கால்வாயோரக் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு டிரஹினேராவைப் பழைய முறையில் அலங்கரிக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கைகொடுக்கலாம், கட்டணம் கிடையாது என்று விடுதியில் சொன்னார்கள். கட்டணம் கிடையாது என்றதுமே கிளம்பிவிட்டேன்.

டிரஹினேரா அடி தட்டையான மரப் படகு. கால்வாயில் ஆழம் குறைவு என்பதால் நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். சரக்கு சுமப்பது என்ற பொருளில் வந்த பெயர். ஏரிச் சேற்றை அள்ளிக் கொட்டி மேடாக்கிய சினாம்பா வயல்களின் காய்கறியும் பூவும் ஒரு காலத்தில் படகேறித்தான் மெக்சிகோ நகரச் சந்தைக்குப் போயின. இன்று ஏறுவது பியரும் ஸ்பீக்கரும். முகப்பு வளைவில் முன்பு நிஜப் பூவால் ஒரு பெண் பெயர் எழுதுவார்கள். இப்போது பெரும்பாலும் பெயின்ட் அடித்த முகப்புதான். 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் என்று சொன்னால், அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் காதில் விழாது.

அலங்காரம் நடந்த வீட்டு முற்றத்தில் கூடை கூடையாக செம்பசூச்சில் பூ. பார்த்தால் நம் செண்டுமல்லி! அக்டோபர் கடைசி, இறந்தோர் நாளுக்காக வயலெல்லாம் பூத்திருந்த நேரம். அதன் சொந்த ஊரே மெக்சிகோதான். நாம் என்னவோ நம்முடையது என்று நினைத்து மாலை கட்டுகிறோம்.

கோரைச் சட்டத்தில் பூவை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். அரை மணியில் பாதி உதிர்ந்தது. பொறுக்க முடியாமல் சணல் நூலை எடுத்தேன். காம்புகளை எதிரெதிரே வைத்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு, முடிச்சு. ஒரு முழம் ஆவதற்குள் சுற்றிலும் கூட்டம். வீட்டுக்கார அம்மா, "மிஹா, மெதுவாக!" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். மகளே என்று அர்த்தம். பதிலுக்கு அவர் ஈரக் கோரையை மூன்றாகப் பிரித்துப் பின்னக் கற்றுக்கொடுத்தார். நான் காய்ந்ததை எடுத்து இரண்டு முறை உடைத்துத் திட்டு வாங்கினேன்.

படகுக்கு என்ன பெயர் என்று பெரிய சண்டை. என் பாட்டி பெயர் அலமேலு என்றேன். அவர்கள் எழுத்தில் ஏழு. அவ்வளவு பூ மிச்சமில்லை. நாலே எழுத்தில் 'ரோசா' ஜெயித்தாள்.

அப்புறம் சாப்பாடு! நீலச் சோள மாவில் அவரை மசியலை அடைத்து, கல்லில் சுட்டு, மேலே சப்பாத்திக்கள்ளித் துண்டும் சீஸும் போட்ட ட்லகோயோ. மூன்று சாப்பிட்டேன். டாக்ஸிக்குக் கொடுத்த காசில் இன்னும் எத்தனை வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே.

டாக்ஸியே இல்லாமல் போகும் வழி இதோ. தாஸ்கேன்யா வரை மெட்ரோ, 5 பெசோ. அங்கிருந்து இலகு ரயில், 3 பெசோ. சோச்சிமில்கோவில் இறங்கி நடங்கள்.