நலவாழ்வை அளக்கும்போது யாரைக் கேட்கிறோம்?

ஒருவர் நன்றாக வாழ்கிறாரா என்பதை அறிய, வளர்ச்சி ஆய்வாளர்கள் நெடுங்காலம் இரண்டு வழிகளையே நம்பியிருந்தார்கள்: அவருடைய வருமானத்தைப் பார்ப்பது, அல்லது அவரிடமே கேட்டுவிடுவது. 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பொருளியலாளர் அமர்த்திய சென் இவ்விரண்டும் போதா என்றார். ஒருவரால் என்னென்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்பதையே ஒப்பிட வேண்டும் என்பது அவர் வாதம். இயலுமை அணுகுமுறை எனப்படுவது அங்கிருந்து வளர்ந்தது.

வருமானத்தின் குறை வெளிப்படையானது. நடக்க இயலாதவருக்கும் நடக்கக்கூடியவருக்கும் ஒரே தொகை ஒரே வாழ்க்கையைத் தருவதில்லை. நேரடியாகக் கேட்பதன் குறைதான் எளிதில் கண்ணில் படாது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் நடந்த ஒரு கணக்கெடுப்பைச் சென் சுட்டிக்காட்டுகிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்கள் உடல்நலம் சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவரை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. அந்தப் பெண்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. குறை சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்றே எண்ணிப் பழகாதவர், கேட்டால் குறையில்லை என்றுதான் சொல்வார். வாழ்க்கையைப் பூஜ்யம் முதல் பத்து வரையுள்ள ஏணிப்படிகளில் வைத்துக் காட்டச் சொல்லும் இன்றைய மகிழ்ச்சிக் கணக்கெடுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்களே நினைவுக்கு வருகின்றன.

1990இல் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று கொண்டுவந்த மனித மேம்பாட்டுக் குறியீடு, ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாகத் திரட்டியது. இத்தனை கரடுமுரடான அளவைச் சென் முதலில் விரும்பவில்லை. ஆனால் தேசிய உற்பத்தி என்ற ஒற்றை எண்ணோடு மோத இன்னொரு ஒற்றை எண் வேண்டும் என்ற ஹக்கின் கணிப்பு பலித்தது. 2010இல், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும் கூட்டுச் சராசரியைக் கைவிட்டு, மூன்றையும் பெருக்கி முப்படி மூலம் காணும் பெருக்கல் சராசரிக்கு மாறியதால், ஒன்றில் உள்ள பள்ளத்தை இன்னொன்றின் மேட்டால் முழுமையாக நிரவிவிட முடியாமல் போனது. இருப்பினும், விரதம் இருப்பவரும் பட்டினி கிடப்பவரும் எடை பார்க்கும் கருவியில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும் என்ற பழைய சிக்கல் அப்படியே நிற்கிறது. குறியீடு பார்ப்பது கிட்டியதை மட்டுமே. கிட்டாமல் போனது விருப்பத்தாலா, வழியில்லாமையாலா என்று அது கேட்பதில்லை.

அதே 2010இல் சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஆகியோரின் முறையைக் கொண்டு அறிமுகமான பல்பரிமாண வறுமைக் குறியீடு, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளைக் காட்டும் பத்து அறிகுறிகளைப் பார்க்கிறது. நான் பெரிதும் மதிக்கும் அளவுகோல் இது. எனக்குள்ள கருத்து வேறுபாடும் இதனோடுதான். இது குடும்பத்தை அலகாகக் கொள்கிறது. வீட்டில் ஒருவர் ஆறாண்டு படித்திருந்தால், பள்ளிப் படியை மிதிக்காத அவருடைய மனைவியும் படித்த ஆண்டுகளில் குறையற்றவராகவே எண்ணப்படுகிறார். நல்ல தண்ணீர் எடுத்துவர, போய்த் திரும்பும் நடை முப்பது நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் அது குறை. அந்த நடையை நாள்தோறும் நடப்பவர் யார் என்பது கணக்கில் வராது. இயலுமை தனி மனிதருக்குரியது என்று தொடங்கிய சிந்தனை, அளக்க வரும்போது வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. வறுமை மிகுந்த பகுதிகளைக் கண்டறிய இது போதும்; வாசலுக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றிப் பேசப் போதாது.

பல நாடுகளில் நடத்தப்படும் மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புகள் வாசலைத் தாண்டச் சிறிதளவேனும் முயல்கின்றன. உங்கள் மருத்துவம் பற்றி முடிவெடுப்பது பெரும்பாலும் யார், நீங்களா, கணவரா, இருவருமா என்று அவை பெண்களைக் கேட்கின்றன. “இருவரும்” என்ற விடைக்குள் கலந்துபேசுவதும் அடங்கும், தலையாட்டுவதும் அடங்கும். ஆனால் வினாநிரலின் சில பகுதிகளில், கேட்ட நேரத்தில் கணவர் உடனிருந்தாரா என்பதைக் கணக்கெடுப்பவரே குறிக்கும் ஒரு கட்டமும் உண்டு. முடிவெடுக்கும் உரிமை பற்றிய விழுக்காட்டை அச்சிடும் அட்டவணைகள், அந்தக் கட்டத்தின் விடையையும் பக்கத்திலேயே தர வேண்டும் என்பது என் கருத்து.