நேர்ச்சைக் குர்பானியோடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஹஜ்ஜுப் பெருநாள்

"பிள்ளைக்குச் சுகமாகட்டும், வர்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு பங்கு குர்பானி கொடுக்கிறேன் யா அல்லாஹ்" என்று உம்மா கையேந்திச் சொல்லி, பிள்ளைக்குச் சுகமும் ஆகிவிட்டால் அது நேர்ச்சை; பிராணியை அறுத்துப் பங்கிடும் அந்தக் குர்பானி வீட்டின் கடன். மலேசியாவின் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அந்தக் கடனைத் தீர்க்கப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கறிப் பங்கு. சுன்னத்தான, அதாவது நேர்ச்சையில்லாமல் விரும்பிக் கொடுக்கும் குர்பானியில் நாமும் சாப்பிடலாம், உறவுக்கும் கொடுக்கலாம். ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட வழியில் நேர்ச்சைப் பங்கிலிருந்து நேர்ந்தவரும் அவர் செலவில் வாழ்பவர்களும் ஒரு துண்டுகூடத் தின்னக் கூடாது. அத்தனையும் பச்சைக் கறியாகவே ஏழைகளுக்குப் போக வேண்டும்.

பெயர் கொடுக்கும்போதே "இது நேர்ச்சைப் பங்கு" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். ஒரு மாட்டில் 7 பங்கு. ஆறு பேர் சுன்னத்துக்கும் ஒருவர் நேர்ச்சைக்கும் சேரலாம், தடையில்லை. ஆனால் அறுத்த கறியை ஒரே குவியலாக்கி, ஆளுக்கொரு பையை நீட்டினால் குழப்பம்தான். எடை போட்டு அந்தப் பங்கைத் தனியே எடுக்கச் சொல்ல வேண்டும். அறுக்கவும் பங்கிடவும் பொறுப்பாளரை நம் சார்பில் செய்யும் வக்கீலாக்குகிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. பெருநாள் நெருங்க நெருங்க மலிவு விலையில் பங்கு பிடித்துத் தரும் தரகர்கள் கிளம்பிவிடுவார்கள். எந்த ஊரில், எந்த நாளில், யார் பெயரில் அறுபடும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அப்படிப்பட்டவரிடம் நேர்ச்சையை ஒப்படைக்காதீர்கள்.

ஹஜ் மாதமான துல்ஹஜ் பிறை 1 முதல் குர்பானி அறுபடும்வரை நகம், முடி வெட்டுவதில்லை. பிறை 9 அரஃபா நோன்பு. பெருநாள் காலையில் குளித்து, ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போவது சுன்னத்து. பேரீச்சம்பழம் தின்றுவிட்டுப் போவது நோன்புப் பெருநாளுக்கு.

பள்ளியை ஒட்டிய லெபு பக்கிங்ஹாம் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடினால் தொழுகை போய்விடும். தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள். செருப்பைப் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், வாசல் குவியலில் தேடுவது பெரிய சோதனை. பெருநாள் தொழுகையின் முதல் ரக்அத்தில், அதாவது முதல் சுற்றில், அல்லாஹு அக்பர் என்று சொல்லும் தக்பீர் 7, இரண்டாவதில் 5. பிந்தி வந்து, இமாம் ஃபாத்திஹா அத்தியாயம் ஓதிக்கொண்டிருந்தால் விட்டுப்போன தக்பீர்களைத் திருப்பிச் சொல்ல வேண்டாம், மறதிக்காகச் செய்யும் சஜ்தா சஹ்வும் இல்லை. ஸலாம் கொடுத்ததும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எழுபவர்கள் குத்பா உரையைக் கேட்பவர்களையும் மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். என்ன அவசரமோ!

தொழுகையும் குத்பாவும் முடியும் நேரத்துக்கு முன் அறுத்தால் அது வெறும் கறிதான், நேர்ச்சை தீராது. பிறை 13 அந்திவரை அவகாசம் உண்டு. மாட்டை இடப்பக்கம் சாய்த்துக் கிப்லா நோக்கிக் கிடத்துவார்கள். கத்தியை அதன் கண்முன் தீட்டக் கூடாது. மற்ற மாடுகள் பார்க்கவும் கூடாது. பெயர்ப்பட்டியல் வாசிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெயர் வருகிறது. "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்". யா அல்லாஹ், நீ தந்த சுகத்துக்கு முன்னால் இந்தப் பங்கு எம்மாத்திரம்! ஏற்றுக்கொள் ரஹ்மானே, அதுவே போதும். உடல் முழுதும் அடங்கும்முன் தோலில் கத்தி வைக்க யாராவது அவசரப்பட்டால் தடுங்கள். தோலை விற்கவோ அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கவோ கூடாது. கூலி தனிக் காசு.

போன வழியில் திரும்பாமல் வேறு வழியில் வருவது சுன்னத்து. லெபு சூலியா பக்கம் திரும்பினால் லெபு கிங் முனையில் நாகூர் தர்கா. இறைநேசர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவிடம் இது; அவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டின் நாகூரில். ஆனாலும் ஒரு ஃபாத்திஹா ஓதாமல் அதைத் தாண்ட மனம் வராது.

வீட்டில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக வேண்டுமே, நம் பங்கில்தான் கை வைக்க முடியாதே என்று திகைக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் தங்கள் சுன்னத்துக் குர்பானியிலிருந்து அனுப்பும் கறியைத் தாராளமாகச் சமைக்கலாம். அல்ஹம்துலில்லாஹ், அது எப்படியும் வந்துவிடுகிறது.