வழியுணவு

ஆகஸ்ட் 27, கண்ணமங்கலம்

விடியற்காலை வேலூர் பேராலயத்தில் பூசை கண்டு, நன்மை (பூசையில் கிறிஸ்துவின் உடலாகத் தரும் அப்பம்) வாங்கி, மாலை போட்டுக்கொண்டு கிளம்பினோம். 17 பேர், ஒரு சின்ன மாதா தேர். வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். செப்டம்பர் 7 இரவுக்குள் சேர்ந்துவிட்டால் மறுநாள் திருவிழா.

கணியம்பாடி தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்துக்கு எத்தனை அடி என்று காலே கணக்கு வைத்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் 28, போளூர்

நாள் முழுக்க வலது பக்கம் ஜவ்வாது மலை கூடவே வந்தது. வழியில் மோர் கொடுத்த அம்மா, நெற்றி நிறையக் குங்குமம், "என் பேரனுக்கும் சேர்த்து மாதாகிட்ட வேண்டிக்கங்க" என்றார். வேண்டிக்கொண்டேன்.

இன்று பூசைக்கு நேரம் அமையவில்லை. அதனாலோ என்னவோ, ராத்திரி படுத்ததும் என் அம்மா நினைவு.

போன வருஷம் பங்கு ஃபாதர் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார். ஸ்டூலில் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி. அம்மாவால் எதையும் விழுங்க முடியாத நிலை. அப்பத்தில் அரிசி அளவு பிட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு நாக்கில் விட்டார். தொண்டை ஒருமுறை அசைந்தது. சாகும் தறுவாயில் தரும் நன்மைக்கு 'வழியுணவு' என்று பேர், கட்டுச்சோறு மாதிரி என்றார் ஃபாதர். எழுந்து உட்காரவே முடியாதவருக்கு எந்த வழி, என்ன நடை என்று அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பைபிளில் அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியாவும் 'போதும், சாகிறேன்' என்றுதான் படுக்கிறார். வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். அந்தத் தெம்பில் 40 பகல், 40 இரவு நடந்து ஓரேபு மலைக்குப் போகிறார். எத்தனையோ தடவை கேட்ட வாசகம். கால் வீங்கிப் படுத்திருக்கும்போது வேறு மாதிரி கேட்கிறது.

ஆகஸ்ட் 29, திருவண்ணாமலை

கலசபாக்கம் அருகே இடது குதிகால் கொப்புளம் உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு நடந்தேன்.

ஐந்தேகாலுக்கு ஊருக்குள் நுழைந்ததும் ஒருவர் டீ நீட்டினார். ஆறு மணிக்குப் பூசை. தண்ணீர் மட்டும் போதும் என்றேன். 1964-இலிருந்து நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீருக்குத் தடையில்லை. பாட்டி சின்ன வயதில் நடு ராத்திரியிலிருந்தே பட்டினி கிடப்பார்களாம். அதை நினைத்தால் என்னுடையது ஒரு விரதமே இல்லை.

தேர்க் கயிறு உரசி உள்ளங்கை சிவந்திருந்தது. கழுவியும் கயிற்றின் வரி போகவில்லை. அதன்மேல்தான் ஃபாதர் அப்பத்தை வைத்தார். "கிறிஸ்துவின் திருவுடல்." ஆமென் சொல்லக் குரல் எழவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அம்மாவுக்குத் தொண்டை அசைந்தது நினைவுக்கு வந்தது. கூட்டம் கலைந்த பிறகும் நன்மை அப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழை முன்னால் வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தேன்.

அப்புறம் எல்லோரும் ஒரே போனில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் பார்த்தோம். நாளை நான்கு மணிக்கு விழுப்புரம் சாலை.