மாமா ஃபேக்டரிக்கு ஏஐ வந்த கதை

கிருஷ்ணகிரில மாங்கூழ் ஃபேக்டரி வெச்சிருக்க எங்க மாமா, ஓசூர்ல ஏதோ மீட்டிங் போயிட்டு வந்ததுல இருந்து "மாப்ள நாமளும் ஏஐ போட்டே ஆகணும்டா"ன்னு ஒரே புடி. எதுக்கு மாமான்னா பதில் இல்ல, எல்லாரும் போடறாங்களாம். ஒருத்தன் சாட்பாட்டுக்கு கொட்டேஷன் வேற குடுத்துட்டு போயிருக்கான். நம்மகிட்ட கூழ் வாங்கறதே 7 பார்ட்டி, எல்லாரும் மாமாவுக்கு நேரா போன் அடிக்கறவங்க, சாட்பாட் யார்கிட்ட பேசும்??

நான் கேட்டது ஒன்னுதான், சீசன்ல காசு எங்க ஒழுகுது? லோடு எப்ப வரும்னு தெரியாம போறதுலதான்னாரு. மே ஜூன் ஜூலை, அவ்ளோதான் ஆட்டமே, ஒருநாள் வண்டி ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிக்கும் பழம் வெயில்ல கெட்டுப்போவும், மறுநாள் பாத்தா ஆளுங்க சும்மா உக்காந்திருப்பாங்க.

சரி, எந்த நாள் எத்தன டன் பெங்களூரா மாம்பழம் வந்துச்சு, பிரிக்ஸ் (பழத்தோட இனிப்பு அளவு) எவ்ளோ, கழிவு எவ்ளோ, கணக்கு இருக்கான்னேன். இருக்காம், 6 வருஷ நோட்டு. அதுல ரெண்ட எலி தின்னுடுச்சு 😂

அதனால இப்போதைக்கு எக்ஸெல்தான், மாமா பொண்ணு உக்காந்து மிச்ச நோட்ட டைப் பண்ணுது. மெயில் எழுத மட்டும் ஏஐ, விலையும் பார்ட்டி பேரும் உள்ள போடக்கூடாது, அனுப்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் படிச்சே ஆகணும். ஏன்னா முதல் மெயில்லயே நாங்க சொல்லாத டெலிவரி தேதிய அதுவா சேர்த்துடுச்சு. மாமா அதப் பாத்துட்டு "நம்ம புரோக்கர் மாதிரியே பேசுதுடா"ங்கறாரு