புத்தம் புதிதாக இருந்த அனோடு

பெயின்ட் அடிப்பது எனக்குப் பிடித்த வேலை; பிடித்த வேலையை எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் என் குறை. இயந்திரம் படகுக்குள்ளும், கியர்களையும் விசிறியையும் தாங்கும் அலுமினியக் கால் வெளியே கடல்நீரிலுமாக அமைந்த ஸ்டெர்ன்டிரைவை, படகைக் கரையேற்றிய கையோடு நானே பராமரித்துவிடுவதென்று முடிவு செய்தேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. வடித்த கியர் ஆயில் பால்போல் வெளுத்திருக்கவில்லை. ஆகவே உள்ளே தண்ணீர் புகவில்லை. தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் மடிப்புக் குழலான ரப்பர் பெல்லோஸை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன், வெடிப்பில்லை. நீர் உறிஞ்சும் துளைகளைக் காது பொத்துவதுபோல் ரப்பர்க் கிண்ணங்களால் மூடி, நன்னீர்க் குழாயைத் திறந்த பிறகே இயந்திரத்தை ஓட்டி, உள்ளிருந்த உப்பைக் கழுவினேன். தண்ணீரின்றி ஓட்டினால், குளிர்விக்கும் நீரை இழுத்துத் தரும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கிவிடும்.

அத்துடன் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் படகின் அடிப்பகுதிக்குப் பூசிய, செம்பு கலந்த பெயின்ட் பாதி டப்பா மீந்திருந்தது. டிரைவ் முழுவதும் பூசினேன். பளபளப்புக்கு நடுவே அழுக்குச் சாம்பல் நிறத்தில் துருத்திக்கொண்டிருந்த, அனோடு எனப்படும் துத்தநாகக் கட்டிகள் கண்ணை உறுத்தவே, அவற்றுக்கு மட்டும் இரண்டு பூச்சு.

ஐந்து மாதம் கழித்துப் படகைத் தூக்கியபோது அந்த அனோடுகள் கடையில் வாங்கிய அன்றுபோலவே இருந்தன. பெருமை தாங்காமல் மெக்கானிக்கை அழைத்துக் காட்டினேன். அவர் பதில் சொல்லாமல், டிரைவில் கொப்புளமாக எழும்பியிருந்த ஓரிடத்தை ஸ்குரூடிரைவரால் தட்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்து, ஒரு குழி வாய் திறந்தது.

"தேய்ந்து போவதற்காகவே மாட்டிய பொருள் சார் அது. அதற்குப் போய்க் கவசம் போட்டிருக்கிறீர்களே" என்றார்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் வெவ்வேறு உலோகங்கள் இணைந்திருந்தால் அது ஒரு பேட்டரிதான். அதில் துத்தநாகம் முன்வந்து கரைந்து அலுமினியத்தைக் காக்கும். பெயின்ட் மூடிய துத்தநாகத்தைத் தண்ணீர் தொடாததால், அடுத்து வரிசையில் நின்ற அலுமினியம் கரைந்தது. போதாக்குறைக்கு, நான் பூசிய செம்பு அந்தக் கரைதலை விரைவுபடுத்தியது. 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளை இதே உத்தியால் காப்பாற்றினார். ஆனால், கரையும் செம்புதான் கப்பலடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரிகளான கொட்டலசுகளை விரட்டிவந்தது என்பதால், கரையாத தகட்டில் அவை மொய்த்துவிட்டன. அவருக்கு உலோகமாவது மிஞ்சியது.

குழிகளைச் சுரண்டி, பிரைமர் பூசி, செம்பில்லாத பெயின்ட் அடித்து, புதிய அனோடுகளை அவற்றின் இருக்கையில் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்டினோம். இந்த முறை அவை பாதி கரைந்து, கறையான் அரித்த கட்டைபோல் வெளிவந்தன. பாதி தேய்ந்தாலே மாற்ற வேண்டும் என்பதால் மெக்கானிக் புதிய ஜோடியை எடுத்து வந்தார். அதற்கு முன்பாக என் கையிலிருந்த தூரிகையை வாங்கித் தம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.