பார்க் ஸ்டேஷனிலிருந்து வள்ளியம்மை வரை

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

இன்று தைப்பூசம். அலுவலகம் விட்டதும் ஜொகன்னஸ்பர்க் பார்க் ஸ்டேஷனில் கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலில் ஏறி ரோஸ்பேங்கில் இறங்கினேன். மெல்ரோஸ் முருகன் கோவிலுக்கு அங்கிருந்து போவது சுலபம். பார்க், ரோஸ்பேங்க், சாண்டன் மூன்றும் பூமிக்கு அடியில் உள்ள நிலையங்கள். பார்க்தான் கடைசியாகத் திறந்தது, 2012 ஜூனில். ரோஸ்பேங்க் வரையிலான சுரங்கத்தில் தண்ணீர் கசிந்ததால் தாமதம். அந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதியைக் குடைந்த இயந்திரத்துக்கு இம்போகோடோ என்று பெயர். ஜூலுவில் 'பாறை'. 1956-இல் நிறவெறி அரசை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் ஊர்வலம் போன பெண்கள் முழங்கியதும் அதே சொல்: பெண்ணை அடித்தால் பாறையை அடிக்கிறாய்.

பிப்ரவரி 15, சனி

கீழே, கௌட்ரெயின் நிலையத்தில், சூயிங் கம் மெல்லக்கூடத் தடை. நகரும் படியில் மேலே வந்தால் வேறு ஊர். வோல்மரன்ஸ் தெரு முழுக்க வேன் டாக்ஸிகளின் ஹாரன். ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் 'டவுனுக்கு' என்று அர்த்தம். இப்போது எனக்கும் கை தானாக எழும்புகிறது. சுட்ட மக்காச்சோளத்தின் வாசனை, வெளியூர் பஸ்ஸுக்குக் கட்டம்போட்ட பெரிய பைகளோடு காத்திருக்கும் குடும்பங்கள். அந்தப் பக்கம் நடக்காதே என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். பையை முன்னால் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். இந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனது இந்தத் தெருவில்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேஷியாவில் நண்பர் வீட்டில் சாப்பாடு. நண்பரின் அம்மாவை எல்லோரும் ஆயா என்கிறார்கள், நானும் அப்படியே. வயது 78. தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி.

பார்க் ஸ்டேஷன் என்றதும் ஆயா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பத்து வயதில் டர்பனிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து அங்கே இறங்கியவர். "பெரிய ஹால் வெள்ளக்காரனுக்கு, தம்பி. நாங்க வேற வாசல். அப்பா தலையில டிரங்குப் பெட்டி, நான் அவரு கோட்டைப் பிடிச்சிக்கிட்டே வந்தேன்." அந்த ஹாலை எட்டிப் பார்த்ததற்கு அப்பா அதட்டினாராம். அதட்டியது கோபத்தால் அல்ல, பயத்தால் என்று பிறகுதான் புரிந்ததாம்.

கௌட்ரெயினில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை. அது லெனேஷியாவுக்கும் வருவதில்லை, கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவுக்கும் வருவதில்லை. வர வேண்டும் என்பதே என் ஆசை.

பிப்ரவரி 22, சனி

இன்று தில்லையாடி வள்ளியம்மையின் நாள். 1914-இல் இதே தேதியில் இறந்தார், 16 வயதில். பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டம் பார்க் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். நண்பரோடு ஸ்மிட் தெரு வழியாக மேற்கே நடந்தோம். இடப்பக்கம் மண்டேலா பாலம், அதன் கீழே 40-க்கும் மேற்பட்ட தண்டவாளங்கள்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரன். தில்லையாடிக்குச் சின்ன வயதில் சைக்கிளில் போயிருக்கிறேன். வள்ளியம்மை பிறந்ததோ இங்கே, ஜொகன்னஸ்பர்க்கில். இந்திய முறைக் கல்யாணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும், ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலித் தொழிலாளர்கள் மீதான 3 பவுண்டு வரியையும் எதிர்த்து 1913-இல் தாயோடு கிளம்பிய பெண். மாரிட்ஸ்பர்க் சிறையில் கடும் உழைப்புத் தண்டனை, அங்கேயே காய்ச்சல். படுக்கையில் கிடந்தவரிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றார்.

கல்லறையைத் துடைத்துச் சாமந்தி வைத்தோம். பக்கத்திலேயே நாகப்பன், 1909-இல் இறந்த இன்னொரு சத்தியாக்கிரகி. அவருக்கும் பாதிப் பூ. அதற்குள் ஜொகன்னஸ்பர்க்கின் வழக்கமான சாயங்கால இடி. ஓடினோம்.

நிலையத்துக்குள் ஈரத்தோடு நின்றபடி ஆயாவுக்குப் போன் போட்டேன். "அடுத்த வாட்டி என்னையும் கூப்பிடு தம்பி, அந்த ரயிலையும் ஏறிப் பாத்திடறேன்" என்றார். மார்ச் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, வோல்மரன்ஸ் தெரு வாசலில்.