மீன் பெட்டிக்குள்ள சங்குப்பூ

ஆலம் கரைக்கும்போது மஞ்சத்தண்ணில துளி சுண்ணாம்பு விழுந்ததும் குப்புன்னு செவந்துரும்ல, மீன் கெட்டுப்போச்சுன்னு கலர் மாறிக் காட்டுற சென்சாருக்கும் அடிப்படை அதேதாங்க. கடல்மீன் கெட ஆரம்பிச்சா பாக்டீரியாவால டிரைமெத்திலமைன், அம்மோனியா எல்லாம் கெளம்பும், மூக்குல ஏறுற அந்த கவிச்ச நாத்தமே அதான், இதுக்கும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை இருக்கறதால அது பட்டா மஞ்சள்ல உள்ள குர்குமின் செவக்கும், சங்குப்பூல உள்ள ஆந்தோசயனின் நீலத்துலேர்ந்து பச்சைக்குப் போவும். இறால் ஓட்டுலேர்ந்து எடுக்குற கைட்டோசான்ல மெல்லிசா படலம் செஞ்சு அதுல இந்தச் சாயத்த ஏத்தி பாக்கெட்டுக்குள்ள ஒட்டிப் பாக்குறாங்க ஆராய்ச்சி பண்றவங்க.

நானும் வீட்ல செஞ்சு பாத்தேன். வேலில பூத்த சங்குப்பூவ வெந்நில ஊறவச்சு, அதுல வடிகட்டுற பேப்பர தோய்ச்சு நெழல்ல காயவச்சு, மத்தி போட்ட டப்பா மூடிக்கு உள்பக்கமா மீன்மேல படாம ஒட்டி வெளிலயே வச்சிட்டேன். நேரம் போகப்போக ஓரத்துல நீலம் வெளுத்து, ஒரு மாதிரி பாசி நெறம் உள்ள நகர்ந்து வந்துச்சு, மூடிய தெறக்காமலே தெரிஞ்சுது!

பாக்கெட்டுல போட்ட தேதிக்கு நடுவழில ஐஸ் உருகுனது தெரியாது. நாகப்பட்டினத்துல ஏத்துன பெட்டி சித்திரை வெயில்ல தஞ்சாவூர் வர்றதுக்குள்ள என்னாச்சுன்னு மீனுக்குத்தான் தெரியும். போலியோ சொட்டு மருந்து பாட்டில்ல 1996லேர்ந்தே சூடு பட்டா கருக்குற சின்ன சதுரம் ஒட்டுறாங்க, அத பாத்துத்தான் மருந்து குடுக்கலாமா வேணாமான்னு நர்ஸ் முடிவு பண்றாங்க, சாப்பாட்டுக்கும் அப்படி ஒண்ணு வேணும்.

ஆனா இத முழுசா நம்பிரக் கூடாது. நம்ம வாய்க்கா மீனு, விரால் கெண்டையில டிரைமெத்திலமைன் பெருசா வராது, அதனால கடல்மீனுக்கு வச்ச கலர் அளவு இதுக்கு சரிப்படாது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரைல ஹிஸ்டமின்னு அலர்ஜி மாதிரி தடிப்பு, அரிப்பு குடுக்குற ஒரு நஞ்சு சேர்ந்துட்டா நாத்தமே இல்லாம இருக்கலாம், கொதிக்க வச்சாலும் போவாது. இன்னும் மோசம், பொணம் கெடாம இருக்க போடுற பார்மலின மீன்ல கலக்குறது, அது பாக்டீரியாவையே அடக்கிடும், சென்சார் பாட்டுக்கு நல்ல மீனுன்னு காட்டிட்டு நிக்கும். அதுக்குன்னு கொச்சில உள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் 2018ல கலர் மாறுற தனி சோதனைப் பட்டையே கொண்டுவந்துச்சு.

தஞ்சாவூர்லயே நிப்டெம்னு மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு. நம்ம வெயிலுக்கும் நம்ம மீனுக்கும் கலர் அளவு போட்டுத் தரணும்னு ரொம்ப ஆசைப்படுறேன். அது மொதல்ல ஒட்ட வேண்டியது சூப்பர்மார்க்கெட் ஏசில இருக்க பாக்கெட்டுல இல்ல, மதியம் வரைக்கும் தெருத்தெருவா அலையுற மீன்காரம்மாவோட ஐஸ் பெட்டிலதான், மிச்ச மீன விக்கலாமா கருவாட்டுக்குப் போடலாமான்னு தெனம் முடிவு எடுக்கறது அவங்கதானே.